வாலஸுக்கு வாய் கொடுத்தவர்

கேள்வி இதுதான்: "வாலஸ் அண்ட் கிராமிட் புதுப் படத்தைப் பிள்ளைகளோடு பார்த்தேன். சின்ன வயதில் கேட்ட அதே குரல் மாதிரிதான் இருந்தது, ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது. பழைய குரல்காரர் இறந்துவிட்டார் என்கிறார்கள். அவர் யார்? இதைத் தவிர வேறு என்ன செய்திருக்கிறார்?"

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. களிமண் பொம்மைகளை வைத்து எடுக்கிற இந்த ஆங்கிலப் படங்களில் வாலஸ் மனிதர், கிராமிட் அவருடைய நாய். 2024 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் வந்து, அப்புறம் நெட்ஃபிளிக்ஸில் உலகம் முழுக்கப் போன 'வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்' படத்தில் வாலஸாகப் பேசுபவர் பென் வைட்ஹெட். நீங்கள் சின்ன வயதில் கேட்ட குரல் பீட்டர் சாலிஸ் என்ற ஆங்கிலேய நடிகருடையது. 2017 ஜூன் 2 அன்று, 96 வயதில் அவர் காலமானார்.

இத்தோடு பதிலை முடித்துக்கொள்ளலாம். ஆனால் நான் சில காலம் டப்பிங் தியேட்டரில் வேலை பார்த்தவன். சாலிஸின் கதையை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை.

டப்பிங் என்றால் நமக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். திரையில் ஒருவர் வாயசைப்பார், நாம் மைக் முன்னால் நின்று அந்த வாய்க்குள் வசனத்தைத் திணிப்போம். 'ப', 'ம' போன்ற உதடு ஒட்டும் எழுத்து வரும் இடத்தில் அவர் உதடும் ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து வார்த்தையை மாற்றுவோம். வாய்தான் முதலாளி, குரல் வேலைக்காரன். பொம்மை அனிமேஷனில் இது அப்படியே தலைகீழ். குரலை முதலில் பதிவு செய்துவிடுவார்கள். எந்த ஒலி எத்தனையாவது ஃபிரேமில் விழுகிறது என்று ஒரு தாளில் பிரித்து எழுதிக்கொள்வார்கள். அதன்பின் அனிமேட்டர் ஒவ்வொரு ஒலிக்கும் ஏற்ற வாயைப் பொம்மையின் முகத்தில் பொருத்திப் படம் எடுப்பார். 'ஓ'வுக்கு ஒரு வாய், 'ஈ'க்கு ஒரு வாய் என்று ஒரு பெட்டி நிறைய வாய்கள் இருக்கும். ஒரு நாள் முழுக்க உழைத்தால் திரையில் ஓடுவது சில வினாடிகள். அந்தச் சில வினாடியும் குரல் போட்ட தாளத்துக்குத்தான் ஆடும்.

சாலிஸ் விஷயத்தில் குரல் இதற்கும் ஒரு படி மேலே போய், பொம்மையின் முகத்தையே மாற்றிவிட்டது.

1982-ல் நிக் பார்க் என்ற இளைஞர் இங்கிலாந்தின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் மாணவர். வடக்கு இங்கிலாந்தில் லங்காஷயரின் பிரெஸ்டன் ஊர்க்காரர். படிப்புக்கான படமாக ஒரு கதை வைத்திருந்தார்: வீட்டில் சீஸ் தீர்ந்துவிட்ட ஒரு ஆள், நிலா சீஸால் ஆனது என்று நம்பி, தன் நாயோடு ராக்கெட் கட்டிக்கொண்டு நிலாவுக்குப் போகிறார். அந்த ஆளுக்குத் தொலைக்காட்சியில் கேட்ட பீட்டர் சாலிஸின் குரல்தான் பொருந்தும் என்று பார்க்குக்குத் தோன்றியது. கடிதம் எழுதினார். சாலிஸ் ஒப்புக்கொண்டார். கூலி, தனக்குப் பிடித்த ஓர் அறக்கட்டளைக்கு 50 பவுண்ட் நன்கொடை.

பார்க் கேட்டது லங்காஷயர் பேச்சு வழக்கு. கதைப்படி வாலஸின் வீடு லங்காஷயரின் விகன் நகரத்தில், 62, வெஸ்ட் வாலபி தெருவில் இருக்கிறது. சாலிஸோ லண்டன் பக்கத்து ஆள். வடக்கத்திப் பேச்சில் அவருக்குக் கைவந்தது யார்க்‌ஷயர் வழக்கு மட்டும். லங்காஷயரும் யார்க்‌ஷயரும் பரம்பரைப் பங்காளிகள். ரோஜாப் பூவின் நிறத்தை வைத்து 15-ஆம் நூற்றாண்டில் நடந்த அரச குடும்பச் சண்டையின் பெயரைச் சொல்லி இன்றும் கிரிக்கெட்டில் மல்லுக்கட்டுகிறவர்கள். விகன்காரருக்கு யார்க்‌ஷயர் வாய் என்பது அந்த ஊர்க்காரர் காதில் பட்டென்று விழுகிற சங்கதி. ஆனால் படம் வெற்றி பெற்ற பிறகு யார் கவலைப்பட்டார்கள்? இன்று வாலஸ் பேசுவதுதான் வாலஸ் வழக்கு.

இனி அந்த வாய்க்கு வருகிறேன். 1983-ல் ஒலிப்பதிவு. 'சீஸ்' என்ற ஓரசைச் சொல்லை சாலிஸ் அப்படியே பக்கவாட்டில் இழுத்துச் சொன்னார். நீங்களே ஒரு முறை 'சீ...ஸ்' என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள், கன்னம் இரண்டும் காதை நோக்கி ஓடும். அந்த ஒலிக்கு ஈடு கொடுக்க வேண்டுமானால் பொம்மையின் வாயும் அந்த அகலத்துக்கு விரிய வேண்டும் என்று பார்க் கண்டுகொண்டார். துணி மாட்டுகிற ஹேங்கரைப் படுக்கவைத்த மாதிரி வாலஸின் வாய் முகத்தைத் தாண்டி வெளியே நிற்கிறதே, அது பிறந்தது இப்படித்தான். ஓவியர் யோசித்து வரைந்ததல்ல, ஒரு நடிகரின் உச்சரிப்பு பிதுக்கிவிட்டது. முதல் படமான 'எ கிராண்ட் டே அவுட்'டையும் அடுத்த படமான 'தி ராங் டிரவுசர்ஸ்'ஸையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முகம் எவ்வளவு அகலமாகியிருக்கிறது என்று தெரியும்.

வென்ஸ்லிடேல் சீஸ் கதையும் இதே வகைதான். வாலஸுக்குப் பிடித்த சீஸாக பார்க் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ருசி அல்ல. அந்தச் சொல்லைச் சொல்லும்போது வாய் போகிற போக்கு அனிமேஷனுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். யார்க்‌ஷயரில் ஹாஸ் என்ற ஊரில் அந்த சீஸைச் செய்துகொண்டிருந்த ஆலை 1992-ல் மூடப்பட்டது. பழைய மேலாளர்களே அதை வாங்கித் தட்டுத்தடுமாறி மறுபடி நடத்திவந்தார்கள். 1995-ல் வந்த 'எ க்ளோஸ் ஷேவ்' படத்தில் வாலஸ் அந்தப் பெயரைச் சொன்னதும் விற்பனை எகிறியது. பிறகு வாலஸ், கிராமிட் படம் போட்ட உறையிலேயே விற்க ஆரம்பித்தார்கள். விளம்பரத்துக்கு யாரும் காசு கொடுத்துச் சொல்லச் சொன்னதில்லை.

50 பவுண்டுக்குப் பேசிய படம் வெளியே வர 1989 ஆகிவிட்டது. பார்க் ஒற்றை ஆளாகக் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார். நடுவில் 1985-ல் பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மேன் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே இருந்தபடி படத்தை முடித்தார். படம் ஆஸ்கருக்குப் போனது. அங்கே அதைத் தோற்கடித்ததும் பார்க்கின் இன்னொரு படம்தான், 'கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்'. தன்னிடமே தோற்ற மனிதர்.

சாலிஸுக்கு அப்போது 68 வயது. இனிதான் உலகம் அவர் குரலைக் கேட்கப்போகிறது.

அதற்கு முன்னால் அவர் யார் என்பதுதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. 1921 பிப்ரவரி 1 அன்று, லண்டனை ஒட்டித் தேம்ஸ் கரையில் இருக்கும் ட்விக்கன்ஹமில் பிறந்தார். ஒரே பிள்ளை. அப்பா வங்கி மேலாளர். பள்ளி முடித்ததும் பையனும் வங்கி வேலைக்கே போனார். போர் வந்தது, விமானப்படையில் சேர்ந்தார். பறக்க ஆசை, ஆனால் உடலில் இருந்த ஒரு குறைபாட்டால் உயரத்தில் மயக்கம் வரலாம் என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள். வயர்லெஸ் மெக்கானிக் ஆனார், கிரான்வெல் விமானப்படைத் தளத்தில் ரேடியோ வகுப்பு எடுத்தார். அங்கே அவரிடம் படித்த மாணவர் ஒருவர் அமெச்சூர் நாடகம் ஒன்றில் முக்கிய வேடம் கொடுத்தார். நோயல் கவர்டின் 'ஹே ஃபீவர்'. மேடையில் ஏறியவர் வங்கிக்குத் திரும்பவில்லை. போர் முடிந்ததும் உதவித்தொகை பெற்று ராடா நாடகப் பள்ளிக்குப் போனார்.

ரேடியோ வாத்தியார் குரலால் புகழ் பெற்றது தற்செயல்தான். ஆனாலும் இப்படி ஒரு தற்செயலைச் சுட்டாமல் விட முடியவில்லை.

1946-ல் லண்டன் மேடையில் முதல் அடி. வசனமே இல்லாமல் வந்துபோகிற வேடம். பிறகு ரெபர்டரி குழுக்களில் சில ஆண்டுகள். அந்தக் கால ஆங்கில நடிகர்களுக்கு அதுதான் குருகுலம்: வாரம் ஒரு நாடகம், ஒன்றை நடித்துக்கொண்டே அடுத்ததற்கு ஒத்திகை. 1955-ல் ஆர்சன் வெல்ஸ் லண்டனில் 'மோபி டிக்' கதையை மேடையேற்றியபோது சாலிஸும் இருந்தார். 1958-ல் பிபிசியின் தொடரில் சாமுவேல் பீப்ஸ் என்ற 17-ஆம் நூற்றாண்டு நாட்குறிப்புக்காரராக, தலைப்பு வேடத்திலேயே வந்தார். 1965-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'பேக்கர் ஸ்ட்ரீட்' இசை நாடகத்தில் ஷெர்லாக் ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சன். 1968-ல் லண்டனில் 'காபரே', ஜூடி டென்ச் கதாநாயகி, இவர் பழக்கடை நடத்தும் யூதக் கிழவர் ஷூல்ட்ஸ். நடுவில் டிராகுலா படம், ஓநாய் மனிதன் படம் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். வாட்சன், ஷூல்ட்ஸ், அப்புறம் குமாஸ்தாக்கள், டாக்டர்கள், பயந்த கணவர்கள். ஆங்கிலேயர் 'கேரக்டர் ஆக்டர்' என்பது இவரைப் போன்றவரைத்தான். நாம் குணச்சித்திர நடிகர் என்கிறோம், ஆனால் நம் சொல்லில் கண்ணீரும் உருக்கமும் கொஞ்சம் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அது வேறு. முகம் தெரியும், பெயர் தெரியாது. பக்கத்து வீட்டு மனிதர் மாதிரி இருப்பார், அதனாலேயே எந்தக் கதையிலும் நம்பும்படி நிற்பார். சாலிஸுக்கு 50 வயது வரை அந்த நிலைதான்.

இடையில் ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. 1967-ல் 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி அறிவியல் கற்பனைத் தொடரில் 'தி ஐஸ் வாரியர்ஸ்' கதையில் பென்லி என்ற விஞ்ஞானியாக நடித்தார். அந்தக் கதையின் 6 பகுதிகளில் இரண்டின் படச்சுருள் இன்று இல்லை. ஒலிநாடா மட்டும் மிஞ்சியது. 2013-ல் டிவிடி போட்டபோது அந்த இரண்டு பகுதிகளுக்கும் அனிமேஷன் செய்து ஒட்டினார்கள். மைக் முன் நிற்காமலே, 46 வயதுச் சாலிஸின் குரலுக்கு இன்னொரு தடவை வரைபட உடம்பு கிடைத்துவிட்டது.

1973 ஜனவரியில் வாழ்க்கை திரும்பியது. ராய் கிளார்க் எழுதிய ஒரு தனி நாடகத்தை பிபிசி ஒளிபரப்பியது. யார்க்‌ஷயர் மலையடிவார ஊரில் வேலைவெட்டி இல்லாத மூன்று நடுவயது ஆண்கள் சுற்றித் திரிகிறார்கள், பேசுகிறார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி வம்பில் மாட்டுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதுவே 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' என்ற தொடராகி 2010 ஆகஸ்ட் வரை ஓடியது. 37 ஆண்டு, 295 பகுதிகள். அத்தனையிலும் இருந்த ஒரே நடிகர் பீட்டர் சாலிஸ்.

அவர் வேடம் நார்மன் கிளெக். லினோலியம் தரைவிரிப்பு விற்றுவந்த, மனைவியை இழந்தவர். ஏற்கெனவே தன் எழுத்தில் நடித்த சாலிஸை மனதில் வைத்தே கிளார்க் எழுதிய வேடம் அது. பக்கத்தில் பில் ஓவன் நடித்த காம்போ, கிழிந்த கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டு ஊரைக் கலக்குகிற ஆள். மூன்றாவது ஆள் காலத்துக்குக் காலம் மாறினார், ஆனால் எப்போதும் கட்டளை போடுகிறவர். இந்த இரண்டு பேருக்கு நடுவில் கிளெக் என்ன செய்வார்? கேட்டுக்கொண்டிருப்பார். கலவரம் எல்லாம் அடங்கியபிறகு, சம்பந்தமில்லாதது போலத் தொடங்கி, மெதுவான குரலில் ஒரு வாக்கியம் சொல்வார். சிரிப்பு அங்கேதான் வரும். எனக்குத் தெரிந்து, எதிராளி பேசும்போது இவ்வளவு சுவாரசியமாகச் சும்மா இருக்கத் தெரிந்த நடிகர்கள் குறைவு.

படப்பிடிப்பு நடந்த ஹோம்ஃபர்த் ஊர் சுற்றுலாத் தலமாகிவிட்டது. 1999-ல் பில் ஓவன் இறந்தார், கதையிலும் காம்போவுக்கு இறுதிச்சடங்கு நடந்தது. கடைசி ஆண்டுகளில், 80 வயது தாண்டிய சாலிஸை மேட்டிலும் சரிவிலும் நடக்கவிட்டுப் படம் எடுக்கக் காப்பீட்டுச் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் அவர் காட்சிகள் வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்டன. தொடரின் கடைசி வசனமும் அவருக்குத்தான் போனது: "கதவைப் பூட்டினேனா?" 37 ஆண்டுத் தொடரை முடிக்க இப்படி ஒரு வரி எழுதிய கிளார்க்குக்கு ஒரு சபாஷ்.

அந்தக் கேட்டுக்கொண்டிருக்கும் திறமைதான் வாலஸுக்குப் போனது என்பது என் கணிப்பு. கிராமிட் பேசாது. ஆரம்பத்தில் அதற்கும் குரல் வைக்கிற யோசனை இருந்தது. பொம்மையின் புருவத்தை ஒரு நூல் அளவு அசைத்தாலே போதும், ஆயிரம் பேசுகிறது என்று தெரிந்ததும் பார்க் அதைக் கைவிட்டார். ஆக வாலஸாகப் பேசுகிறவர் ஸ்டுடியோவில் தனியாக நின்று, பதில் சொல்லாத, இன்னும் படமே எடுக்கப்படாத ஒரு நாயோடு பேச வேண்டும். சாதாரணக் குரல் நடிகர் வரிக்கு வரி அடுக்கிக்கொண்டே போவார். சாலிஸ் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அந்த நாய் தன்னை முறைப்பதற்கு இடம் விட்டிருப்பார். 1993-ல் வந்த 'தி ராங் டிரவுசர்ஸ்' அரை மணி நேரப் படம். நாயும் பேசாது, வில்லனாக வரும் பெங்குவினும் பேசாது. படம் முழுக்க ஒரே ஒரு மனிதக் குரல். அப்படியும் மூன்று பேர் ஒரு வீட்டில் குடியிருந்த உணர்வு வருகிறது. அந்தப் படமும், 'எ க்ளோஸ் ஷேவ்'வும் ஆளுக்கு ஓர் ஆஸ்கர் வாங்கின.

வாலஸ் மட்டும்தான் அவருடைய பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். பார்க் தன் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மான்செஸ்டரின் காஸ்க்ரோவ் ஹால் நிறுவனம் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' கதையைப் பொம்மைத் தொடராக எடுத்தது. 1984-லிருந்து அதில் எலியாருக்கு சாலிஸ் பேசினார். ஆற்றங்கரையை விட்டு நகராத, படகைப் போல நிம்மதி வேறெதிலும் இல்லை என்று நம்புகிற எலி. தேம்ஸ் கரையில் பிறந்தவருக்குப் பொருத்தமான வேடம். வாலஸின் அப்பாவித்தனம் இந்தக் குரலில் துளியும் கிடையாது. நிதானமான, படித்த, கொஞ்சம் கவிதைப் பித்துள்ள ஆள். இரண்டும் ஒரே தொண்டை என்று எனக்குத் தெரிந்த அன்று கொஞ்சம் அசந்துபோனேன்.

முழுநீளப் படமான 'தி கர்ஸ் ஆஃப் தி வேர்-ராபிட்' 2005-ல் வந்தது. சாலிஸுக்கு 84 வயது. கூடப் பேசியவர்கள் ரேஃப் ஃபைன்ஸ், ஹெலனா போன்ஹம் கார்ட்டர். படத்துக்கு ஆஸ்கர், சாலிஸின் குரலுக்கு அனிமேஷனுக்கான ஆனி விருது. அமெரிக்காவில் படம் வசூலில் முதலிடம் பிடித்த அதே நேரத்தில் பிரிஸ்டலில் ஆர்ட்மேனின் கிடங்கு தீப்பிடித்து, பழைய படங்களின் செட்டுகள் எரிந்து சாம்பலாயின.

2008 கிறிஸ்துமஸ் அன்று வந்த 'எ மேட்டர் ஆஃப் லோஃப் அண்ட் டெத்' பிரிட்டனில் அந்த ஆண்டு அதிகம் பேர் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சி. 87 வயதுக் குரல் என்று தெரிந்து கேட்டால் ஒரு மெல்லிய கரகரப்பு பிடிபடும், தெரியாமல் கேட்டால் பிடிபடாது. 2007-ல் நாடகத் துறைச் சேவைக்காக ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம் கொடுத்தார்கள். விழித்திரையின் மையம் தேய்கிற நோயால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அந்த நோயாளிகளுக்கான சங்கத்துக்காக வானொலியில் வேண்டுகோள் விடுத்தார். கடைசிக் காலம் லண்டனின் டென்வில் ஹாலில், ஓய்வுபெற்ற நடிகர்களுக்கான இல்லத்தில் கழிந்தது. ஆனால் அடக்கம் லண்டனில் இல்லை. ஹோம்ஃபர்த் பக்கத்தில் அப்பர்தாங் கிராமத்துத் தேவாலயத்தில், பில் ஓவனின் கல்லறைக்கு அடுத்தாற்போல. வேடத்துக்காகப் பழகிய யார்க்‌ஷயர் வாய், கடைசியில் ஆளையே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

இப்போது உங்கள் காதில் இடித்த விஷயம். பென் வைட்ஹெட் வெளியாள் அல்ல. 2005 படத்திலேயே சின்னதாகக் குரல் கொடுத்தவர். 2009-ல் வந்த வாலஸ் வீடியோ கேமில் இருந்தே வாலஸாகப் பேசிவருகிறார். புதுப் படத்தில் அவர் செய்திருப்பது மிமிக்ரிக்கு மேலான வேலை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் சாலிஸ் இழுத்த இழுப்புக்கு வாய் செய்தார்கள், வைட்ஹெட் செய்துவைத்த வாய்க்குள் பேச வேண்டியிருக்கிறது. அந்த வகையில் அவர் நம் டப்பிங்காரர்களின் சாதி. முடிந்தால் 'எ கிராண்ட் டே அவுட்'டில் நிலாவை வெட்டித் தின்றுபார்த்து "வென்ஸ்லிடேல்? ஸ்டில்டன்?" என்று வாலஸ் யோசிக்கும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். அப்புறம் புதுப் படத்தை மறுபடி கேளுங்கள். எங்கே இடித்தது என்று சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.